கேள்வி கேட்க 200 ரூபாய்: கோவையில் நடந்த மனித நூலகம் பற்றி

முதலில் விலை விவரம். ஆளுக்கு 200 ரூபாய். அதில் இரண்டு டீ, ஒரு தேங்காய் பன், மூன்று புத்தகம் அடக்கம். புத்தகம் என்றால் அச்சடித்த புத்தகம் கிடையாது, ஆள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் அதிகபட்சம் நான்கு பேர். 25 நிமிடம். அவருடைய வாழ்க்கையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்ல இஷ்டமில்லை என்றால் "அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு" என்பார். அதற்கு மேல் நோண்டக் கூடாது. போனில் பதிவு செய்யக் கூடாது, போட்டோ கூடாது. மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும்.

நடத்துகிறவர்கள் பெயரை இங்கே போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்கள் சின்னக் குழு, சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். கோவையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடந்தது என்பது போதும்.

இந்த யோசனை வெளியூர்ச் சரக்கு. 2000-ஆம் ஆண்டு டென்மார்க்கில், ராஸ்கில்டே இசைத் திருவிழாவில் ரோனி அபெர்கெல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து முதன்முதலாக நடத்தியிருக்கிறார்கள். வன்முறைக்கு எதிராக இளைஞர்கள் நடத்திய ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். போலீஸ்காரரையும், போலீஸ்காரரைக் கண்டாலே ஆகாதவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்களாம். இன்றைக்கு 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது, நம் நாட்டிலும் ஹைதராபாத், சென்னை போன்ற ஊர்களில் நடந்திருக்கிறது. நான் போனது அந்த டென்மார்க் அமைப்பின் கிளை இல்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளூரில் சிலர் தாங்களாக நடத்துவது.

அப்புறம், நான் யார் என்று சொல்லாமல் விமர்சனம் எழுதினால் அர்த்தமில்லை. திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு பவர் டேபிள் வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காக: பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கும் யூனிட். ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், பாதிப் பேர் பிகார், ஒடிசா. எங்கள் பக்கத்தில் ஆள்பலம் உள்ள சாதியில் பிறந்தவள். படிப்பு பிளஸ் டூ. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

எனக்கு இருக்கும் சிக்கல் இதுதான். யூனிட்டில் ஒரு பிகார் பையனுக்குப் பரிந்து பேசினால் "அக்கா வடக்கனுக்கு சப்போர்ட்" என்று முணுமுணுப்பு வரும். அதே பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று வீட்டில் புலம்பினால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே "அம்மா, இது ரேசிசம்" என்பாள். இடஒதுக்கீடு பற்றி ஒரு சந்தேகம் கேட்டால் சாதி வெறி. திருநங்கைகள் கடைக்கு வந்து காசு கேட்பதைப் பற்றி வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு பட்டம். சரி, யாரிடம்தான் கேட்பது? சொந்தபந்தத்தில் கேட்கலாம். அங்கே எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. விளம்பரத்தை அனுப்பியதும் மகள்தான். "உன் கேள்வியெல்லாம் அங்க போய்க் கேளும்மா" என்று கூடவே ஒரு வரி. கிண்டலா அக்கறையா என்று கேட்கவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: "இங்கே யாரும் உங்களை எடைபோட மாட்டார்கள்." இதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பலகையில் தலைப்புகள். அன்றைக்குப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. நூலகர் என்று பேட்ஜ் குத்திய தன்னார்வலர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நமக்கு வேண்டிய தலைப்பைக் கேட்டு நேரம் போட்டுக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டியிருந்த தலைப்பு "கோட்டைமேட்டில் பிறந்தவள்". கோட்டைமேடு கோவையில் முஸ்லிம்கள் நிறைய வாழும் பகுதி. 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பையும் கோவைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை, ஆளாளுக்குக் கேட்க ஏதோ இருக்கிறது. மாலை வரை இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். மதியம் இரண்டு மணி வரை நின்று பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரே ஒரு பெண், ஒரு நகரத்தின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு இருந்தார். அந்தத் தலைப்புக்கு இன்னும் இரண்டு பேரையாவது போட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த முதல் புத்தகத்தின் தலைப்பு "பிகாரி". அவரே வைத்துக்கொண்ட தலைப்பாம். சீவான் மாவட்டத்துக்காரர், பதினைந்து வருடமாகத் திருப்பூரில் இருக்கிறார், பிளாட்லாக் டெய்லர். "சொல்லுங்க்கா, என்ன வேணும்?" என்று அவர் ஆரம்பித்த தமிழில் எங்கள் ஊர் இழுவை இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் ஏன் சொன்ன தேதிக்குத் திரும்ப வருவதில்லை, எனக்கு ஷிப்மென்ட் தேதி தவறினால் அபராதம் யார் கட்டுவது என்று கேட்டேன். சிரித்தார். "தீபாவளிக்கு நாங்க போறதில்லைங்க்கா. சத் பூஜைக்குப் போறோம். அது தீபாவளி கழிச்சு ஆறாம் நாள். எங்கம்மா 36 மணி நேரம் பச்சைத் தண்ணி குடிக்காம விரதம் இருப்பாங்க. சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் விடியக்காலை ஒரு தடவை ஆத்துல இறங்கி சூரியனைக் கும்பிடணும், பையன் பக்கத்துல நிக்கணும். தீபாவளிக்கு ஒரு வாரம் லீவுன்னு நீங்க போர்டு போடறீங்க. எங்க பண்டிகை வர்றதுக்குள்ள உங்க லீவு முடிஞ்சிடுது." அப்புறம் அவர் கேட்டார்: "பொங்கலுக்குப் போற தேனிக்காரரும் மதுரைக்காரரும் சொன்ன தேதிக்கு வர்றாங்களாக்கா?" வருவதில்லை. அவர்களை யாரும் வந்தேறி என்று சொல்வதும் இல்லை.

மேஜையில் இன்னொருவர், ரிட்டயர்டு ஆசிரியர், நான் கேட்க நினைத்ததை என்னைவிட நேராகக் கேட்டார். நீங்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தான் எங்கள் ஆட்களுக்குக் கூலி ஏறவில்லை என்கிறார்களே, நிஜமா? நான் எதிர்பார்த்தது மறுப்பு. அவர் சொன்னது, "கொஞ்சம் நிஜம்தாங்க. ஊர்ல கிடைக்கறதைவிட இங்க அதிகம், அதனால வந்த புதுசுல நாங்க பேரம் பேச மாட்டோம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கச் சொன்னா பார்ப்போம். ஆனா ரேட் பேசறது நான் இல்லீங்க, காண்ட்ராக்டர். அவர் எடுத்தது போக மிச்சம் எனக்கு. ரேட் ஏத்துங்கன்னு நான் யாரைக் கேட்கறது, முதலாளியவா, காண்ட்ராக்டரையா?" இந்தக் கணக்கு எனக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டு பையர் கம்பெனியை நெருக்குவான், கம்பெனி எங்கள் ஜாப் ஒர்க் ரேட்டில் கை வைக்கும், நாங்கள் பீஸ் ரேட்டில் கை வைப்போம். கடைசியில் அடிபடும் இரண்டு டெய்லர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள், ஒருவர் தமிழில், ஒருவர் போஜ்புரியில்.

2023 மார்ச் பற்றியும் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கேயோ எப்போதோ நடந்த சண்டைகளை எடுத்துத் திருப்பூர் என்று ஒட்டிவிட்டார்கள். அந்த வாரம் ஹோலி வேறு, மார்ச் 8. வழக்கம்போல் ஊருக்குக் கிளம்பியவர்களை ஸ்டேஷனில் படம் பிடித்து, பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டார்கள். பிகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனது. "எங்கம்மா போன்ல அழுதாங்க. நான் இங்க டீ குடிச்சிட்டிருக்கேன், அங்க நான் செத்துட்டேன்னு அழறாங்க" என்றார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "முதல் ரெண்டு நாள் எங்களுக்கு உங்களைப் பார்த்துப் பயம். உங்களுக்கு எங்களைப் பார்த்து என்ன இருந்துச்சுக்கா?" என்றார். எனக்கு ஷிப்மென்ட் பயம்தான் இருந்தது. அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த மேஜைக்கு மட்டும் 200 ரூபாய் தகும்.

இரண்டாவது தலைப்பு "ஒரு காலத்தில் கடை கேட்டவள்". கடை கேட்பது என்றால் திருநங்கைகள் கடை கடையாகப் போய்க் காசு வாங்குவது, அவர்கள் வழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது ஒரு தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமைகளில் வருவார்கள், கொடுக்காவிட்டால் சில பேர் சாபம் விடுவார்கள், அது சரியா என்று கேட்டேன். "சரியில்லக்கா" என்று பட்டென்று சொல்லிவிட்டார். "சாபம் விட்டாத்தான் கை நீளும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் கடைக்காரங்கதான். சிரிச்சுக்கிட்டுக் கேட்டா ரெண்டு ரூபா, கையைத் தட்டினா இருபது ரூபா."

2008-ல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு என்று நான் படித்ததைச் சொன்னேன். ஆமாம் என்றார். அடையாள அட்டை இருக்கிறது, தையல் மிஷினும் வந்தது. "மிஷின் குடுத்தாங்க. தைக்கத் துணி குடுக்க ஆள் இல்லை. நீங்க பவர் டேபிள்தானே வச்சிருக்கீங்க, குடுப்பீங்களா?" என் யூனிட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறைதான். அதைத்தான் முதலில் யோசித்தேன், வாய்விட்டும் சொன்னேன். அவருக்குக் கோபமில்லை, இந்தப் பதில் பழகியிருக்கிறது. "வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க, பிசிறு வெட்டறது, பட்டன் கட்டறதுன்னு ஏதாவது" என்றார். அது ஆகக்கூடிய காரியம். நம்பர் கேட்டேன். அதற்குள் நூலகர் வந்து, புத்தகத்தின் போன் நம்பர் வாங்கக் கூடாது, விதி என்றார். பாதுகாப்புக்கான விதி, எனக்குப் புரிகிறது, கண்டவனும் ராத்திரியில் போன் செய்வான். ஆனால் அவரே தருகிறேன் என்று சொல்லும்போது என்ன? என் நம்பரையாவது எழுதி அவரிடம் சேர்க்க ஒரு ஏற்பாடு வைக்கலாம். பேச்சு பேச்சோடு போகட்டும் என்று நினைக்கிறார்கள் போல.

மூன்றாவது மேஜைதான் அன்றைக்கு என்னை உலுக்கியது. ஏற்பாட்டாளர்கள் மேல் எனக்கு உள்ள பெரிய புகாரும் அங்கேதான்.

தலைப்பு "கோட்டாவில் வந்தவர்". அரசு இன்ஜினியர், அருந்ததியர். அவருடைய அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். பையன் பத்தாவது படிக்கிறான். நான் ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வியை எடுத்தேன். "சார், உங்க பையனுக்கு டியூஷன் இருக்கு, தனி ரூம் இருக்கு. என்கிட்ட அயர்ன் போடறவர் உங்க ஆளுங்கதான். அவர் பொண்ணும் பத்தாவதுதான். ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டாங்கறது எப்படி..."

கேள்வியை முடிக்க விடவில்லை. பக்கத்தில் நின்ற நூலகர் தம்பி குனிந்து, "மேடம், இது கொஞ்சம் ப்ராப்ளமாட்டிக்கான கேள்வி, வேற மாதிரி கேட்க முடியுமா?" என்றார். என் முகம் சிவந்துவிட்டது. இதே பட்டத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தானே காசு கொடுத்து வந்திருக்கிறேன். இன்ஜினியர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, இந்தக் கேள்வியை என் முதுகுக்குப் பின்னால வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து கேட்கறாங்க. இவங்க மூஞ்சிக்கு நேரா கேட்கறாங்க. விடுங்க, கேட்கட்டும்."

அப்புறம் அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கேட்டது புதுசு இல்லைங்க. எங்க ஆளுங்கதான் இதை முதல்ல கேட்டாங்க. பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். அதுல எங்க பங்கு எங்களுக்கு வந்து சேரலை, பந்தியில கடைசி வரிசைக்குத் தனியா இலை போடுங்கன்னு கேட்டோம். 2009-ல சட்டம் வந்துச்சு, 18-க்குள்ள 3 சதவீதம் அருந்ததியருக்கு. இப்படிப் பிரிக்கறது செல்லுமான்னு கேஸ் போச்சு. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்ல ஏழு நீதிபதிகள் அமர்வு, பிரிக்கலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால உள்ளுக்குள்ள யாருக்குப் போகுதுன்னு கேட்கறதுல எங்களுக்குப் பயமில்லை. நீங்க எந்தப் பட்டியல்ல வர்றீங்க?"

பிசி என்றேன்.

"தமிழ்நாட்டுல பிசிக்கு வருமான வரம்பு இருக்குதுங்களா?"

இல்லை. மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் போனால்தான் கிரீமி லேயர் என்று, வசதியானவர்களைக் கழிக்க எட்டு லட்சக் கணக்கு. மாநிலத்தின் 69 சதவீத ஒதுக்கீட்டில் அது கிடையாது. எனக்கு அது தெரியும். என் மகள் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் சீட் எடுத்தது பிசி இடத்தில்தான். அப்போது எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. இதையும் அவரிடம் சொன்னேன். மேஜையில் எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். "பையனுக்கு டியூஷன் இருக்கு, ஒத்துக்கறேன். போன வருஷம் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு ஓனர்கூட என் சம்பளம் எவ்வளவுன்னு கேட்கலைங்க. கவிச்சி சாப்பிடுவீங்களான்னு ஆரம்பிச்சு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு போயி, கடைசியில நீங்க என்ன ஆளுங்கன்னு வந்து நிக்கும். அப்ப என் பையனும் அயர்ன் போடறவர் பொண்ணும் ஒண்ணுதான்." அவருடைய பேரனுக்கும் இந்த ஒதுக்கீடு வேண்டுமா என்று கேட்டேன். "அது எங்க வீட்டுல நாங்க பேசிக்கிட்டு இருக்கோம். அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு வச்சுக்குங்க" என்றார்.

என் கருத்து தலைகீழாக மாறிவிட்டது என்று எழுதினால் பொய். வசதி வந்தவர்கள் ஒரு கட்டத்தில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். எல்லோரும் ஒதுங்க வேண்டும் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன், என் மகளையும் வைத்து. வீட்டில் இதைச் சொன்னதிலிருந்து சொந்தபந்தத்தில் தலையாட்டுவது குறைந்திருக்கிறது.

இப்போது அந்த நூலகர் தம்பி விஷயம். அதே மேஜையில் ஒரு ஐடி கம்பெனி ஆள் இருந்தார். அவர் கேள்வியே கேட்கவில்லை. மெரிட், எஃபிஷியன்சி, குளோபல் காம்பெட்டிஷன் என்று ஐந்து நிமிடம் அழகான இங்கிலீஷில் பேசினார். எல்லாவற்றையும் பிழிந்து பார்த்தால், உங்களைப் போன்றவர்கள் வந்ததால் தரம் கெட்டுவிட்டது என்பதுதான் சாரம். இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல கேள்வி எதுங்க?" என்றார். தம்பி அவரைத் தடுக்கவே இல்லை. நான் கொச்சையாகக் கேட்டேன், அதனால் ப்ராப்ளமாட்டிக். அவர் மெருகாகச் சொன்னார், அதனால் கருத்து. முத்திரை யார் மேல் விழுகிறது என்பது என்ன சொன்னோம் என்பதைப் பொறுத்ததில்லை, எந்தச் சொல்லில் சொன்னோம் என்பதைப் பொறுத்தது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அன்றைக்கு ஒரே மேஜையில் இரண்டையும் அருகருகே பார்த்தேன். புதுப் புதுச் சொற்கள் காலேஜில் படித்தவர்களுக்குச் சீக்கிரம் கிடைத்துவிடுகின்றன. அதை வைத்துக்கொண்டு அவர்கள் எதையும் சொல்லலாம். பவர் டேபிள் நடத்துகிறவளுக்கு அது வந்து சேர நாளாகும், அதுவரை அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் போல.

தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்: சொல்லைப் பார்த்துத் தடுக்காதீர்கள், ஆள் கேட்கிறாரா பிரசங்கம் செய்கிறாரா என்று பாருங்கள். புண்படுத்தினால் நிறுத்த வேண்டியது புத்தகமாக இருப்பவர். அவருக்கு அந்த உரிமை ஏற்கனவே இருக்கிறது, அவர் அதை நன்றாகவும் பயன்படுத்துகிறார்.

"யாரும் உங்களை எடைபோட மாட்டார்கள்" என்ற விளம்பர வரியையும் எடுத்துவிடலாம். அது நடக்காது. என்னை எடைபோட்டார்கள், தம்பியும் போட்டார், பிகார்க்காரரும் இன்ஜினியரும்கூடப் போட்டிருப்பார்கள், நானும் அவர்களைப் போட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைத் தப்பாக நினைத்தாலும் பதிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெளியே எனக்குப் பட்டம் மட்டும்தான் கிடைக்கும்.

இல்லாத தலைப்புகளைப் பற்றி. கொங்குப் பக்கத்தில் இப்படி ஒன்றை நடத்தி, சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் ஒருவர்கூடப் பலகையில் இல்லை. கேட்டேன். ஒரு தம்பதி ஒப்புக்கொண்டு, கடைசி வாரத்தில் வேண்டாம் என்று விலகிவிட்டார்களாம். குறை சொல்ல முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக சங்கர் என்ற பையனை வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்த மனைவிக்கும் வெட்டு. கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அதற்குப் பிறகு ஒரு தம்பதி ஹாலில் மேஜை போட்டு உட்காரத் தயங்கினால் அது கோழைத்தனம் ஆகாது. ஆனால் அவர்கள் இடம் காலி என்பதையாவது பலகையில் எழுதியிருக்கலாம். ஒன்றுமே நடக்காத மாதிரி பன்னிரண்டு தலைப்பு என்று போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, பன்னிரண்டு புத்தகமும் அடிபட்ட பக்கத்து ஆட்கள். டென்மார்க்கில் வைத்த முறையே அப்படி இருக்கலாம். எனக்கு மறுபக்கத்திலிருந்தும் ஆள் வேண்டும். மகளின் காதலை மறுத்த அப்பா ஒருவர். வீடு தர மறுத்த ஓனர் ஒருவர். அவர்களை உட்கார வைத்து, ஏன் மறுத்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், யார் என்ன சொல்வார்கள் என்று நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். இப்போது இருக்கும் ஏற்பாட்டில் தொண்டை வறளப் பதில் சொல்வதெல்லாம் ஏற்கனவே அடிபட்டவர்கள். அதுவும் சும்மா. புத்தகங்களுக்குச் சம்பளம் கிடையாது, பஸ் செலவும் சாப்பாடும்தான் என்று சொன்னார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை ஷிப்ட் போனால் போனதுதான். டிக்கெட்டை 300 ஆக்கி அந்த நூறை அவர்களுக்குக் கொடுங்கள், நான் தருகிறேன்.

மற்றபடி: மேஜைகள் ரொம்ப நெருக்கம். பக்கத்து மேஜையில் ஒருவர் அழுதால் இங்கே கேட்கிறது, அது இரண்டு பேருக்கும் சங்கடம். 25 நிமிடம் போதாது, 40 ஆவது வேண்டும். பாதிப் பேர் முதல் பத்து நிமிடம் தயங்கியே கழித்துவிடுகிறார்கள். டீ நன்றாக இருந்தது, பன் முந்தின நாள் பன். பைக் நிறுத்த இடம் உண்டு, காருக்கு இல்லை. குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். விவாதம் செய்து ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் போக வேண்டாம், அதற்கு டிவி இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். புத்தகங்களுக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

பதிவு செய்யும் முறையை உடனே மாற்ற வேண்டும். இப்போது கூகுள் பாரத்தில், முழுக்க இங்கிலீஷில் இருக்கிறது. எனக்கு மகள்தான் நிரப்பிக் கொடுத்தாள். மேலே சொன்ன என் அயர்ன் மாஸ்டரிடம் இதைப் பற்றிச் சொன்னபோது, தனக்கும் கேட்க நிறைய இருக்கிறது என்றார், முக்கியமாக வீட்டு ஓனர்களிடம். அடுத்தது எப்போது என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பாரத்தைத் தமிழில் போட்டு, இல்லையென்றால் ஒரு போன் நம்பராவது கொடுத்து, காலையில் வாசலிலேயே பத்து இடம் ஒதுக்கி வையுங்கள். டிக்கெட் காசு என் கணக்கு.